அப்பா பெயரில் உள்ள ஊர் வீட்டை விற்கப் போறீங்களா? யார் யார் கையெழுத்து போடணும், எவ்வளவு செலவாகும்... முழு விவரம்!

ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, 'என்ன விலை போகும்?' என்பதைத்தான். 'யார் யார் கையெழுத்து போடணும்?' என்ற கேள்வி பெரும்பாலும் அட்வான்ஸ் கைமாறிய பிறகுதான் வருகிறது. கிராமத்து வீட்டு விற்பனையில் சிக்கல் ஆரம்பிக்கிற இடமும் அதுதான்.

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் அருகே உள்ள மேலநீலிதநல்லூரில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா சொந்தக் காசில் கட்டியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, இரண்டு மகன்கள், திருமணமாகிப் போன ஒரு மகள். மகன்கள் இருவரும் சேர்ந்து 12 லட்சத்துக்கு விலை பேசிவிட்டார்கள். இதில் என்ன தப்பு?

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு கால் பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மகன்கள் மட்டும் கையெழுத்து போட்டால் வாங்குபவருக்குப் போய்ச் சேர்வது பாதி வீடுதான். 12 லட்சம் கொடுத்து பாதி வீடு வாங்கியவர் பிறகு கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான்.

அதுவும் குடும்ப வீடு என்றால் நிலைமை இன்னும் மோசம். பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒருவரின் பங்கை மட்டும் வாங்கிய வெளியாள், மற்றவர்களோடு கூட்டு அனுபவம் கேட்க முடியாது என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு.

'அக்காவுக்குத்தான் சீர் செஞ்சாச்சே?'

சீர் செய்ததாலோ, நகை போட்டதாலோ பங்கு போய்விடாது. அப்பாவின் சுயசம்பாத்திய சொத்தில் மகளுக்கு 1956 முதலே சம பங்கு இருக்கிறது. ஆனால் குடும்ப வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவெடுக்கும் வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்று அதே சட்டத்தில் 23-வது பிரிவு ஒன்று இருந்தது. அது 2005-இல் நீக்கப்பட்டுவிட்டது.

பூர்வீகச் சொத்தில், 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு தமிழ்நாட்டுச் சட்டம் பங்கு கொடுத்தது. 2005 செப்டம்பர் 9-இல் அமலுக்கு வந்த மத்திய சட்டத்தில் அந்தத் திருமண நிபந்தனை இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசு விதிகள் வேறு.

அக்காவுக்குப் பங்கு வேண்டாம் என்றால்? வாயால் சொன்னால் போதாது. விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கிரயப் பத்திரத்திலேயே அவரும் எழுதிக் கொடுப்பவராகக் கையெழுத்து போடலாம். செலவும் அலைச்சலும் குறைவு என்பதால் இரண்டாவது வழிதான் எளிது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது வாங்குபவரின் முதல் வேலை. மைனரின் தனிச் சொத்து என்றால், பெற்றோரே விற்பதாக இருந்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

சார்பதிவாளர் பார்த்துக்க மாட்டாரா?

மாட்டார். விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று விசாரிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7-இல் தீர்ப்பளித்தது. மூல ஆவணம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ(1) அந்தத் தீர்ப்பில் ரத்தானது. அந்த மாதக் கடைசியிலேயே, மூல ஆவணத்தைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதாவை சட்டப்பேரவை நிறைவேற்றியது. எப்படிப் பார்த்தாலும் அசல் பத்திரம் இல்லாமல் பதிவுக்குப் போவதை நினைக்கவே வேண்டாம். அதே நேரம், பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் மட்டும் உரிமை உறுதியாகிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது.

நத்தம் வீடு என்றால்?

ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகள் பெரும்பாலும் கிராம நத்தத்தில் இருப்பவை. இவற்றில் பல வீடுகளுக்கு மூலப் பத்திரமே இருக்காது. தாத்தா காலத்திலிருந்து குடியிருப்பார்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட வீட்டுக்கு நத்தம் பட்டாதான் முக்கிய ஆவணம். அது இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருந்தால், முதலில் வாரிசுகள் பெயருக்கு மாற்றிவிட்டு விற்பனைக்குப் போவது நல்லது. ஊராட்சி வீட்டு வரி ரசீதும் மின் கட்டண ரசீதும் அனுபவத்தைக் காட்டுமே தவிர, உரிமையைக் காட்டாது. அரசு தந்த இலவச வீட்டுமனைப் பட்டா என்றால், அதில் விற்பனைக்கு நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்று வரி விடாமல் படித்துப் பார்க்க வேண்டும்.

பழைய பத்திரங்களில் மாவட்டத்தின் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல்தான். அதற்கு முந்தைய பத்திரங்களில் திருநெல்வேலி மாவட்டம் என்றிருக்கும். 1986-க்கும் 1997-க்கும் இடையில் எழுதியதாக இருந்தால் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்றிருக்கும். எல்லாம் ஒரே ஊர்தான். புதுப் பத்திரத்தின் தபசிலில் தென்காசி மாவட்டம் என்று எழுதினால் போதும். ஆனால் பழைய சர்வே எண், நத்தம் புதிய எண், நான்கு எல்லைகள், அளவு ஆகியவை பட்டாவோடு பொருந்த வேண்டும்.

வில்லங்கச் சான்றை பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் வருவது பதிவான விவகாரங்கள் மட்டுமே. பதிவாகாத உயிலோ, குடும்பத்துக்குள் நடக்கும் வழக்கோ அதில் தெரியாமல் போகலாம்.

அட்வான்ஸ் வாங்கும்போது...

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 முதல் கட்டாயம். ஒப்பந்தம் போட்டதாலேயே வீடு வாங்குபவருக்குச் சொந்தமாகிவிடாது. ஆனால் விற்பவர் பின்வாங்கினால், 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு கிரயம் செய்து தரச் சொல்லலாம்.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸைக் கையில் ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அபராதம் விழுவது பணம் வாங்கியவர் மீதுதான்.

பத்திரச் செலவு எவ்வளவு?

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல் கணக்கிட வேண்டும். 12 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மொத்தம் 1,08,000 ரூபாய். வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் முத்திரைத் தீர்வை வாங்குபவர் செலவு. வீட்டு வரி பாக்கி, கரண்ட் பில் பாக்கியை கிரயத் தேதி வரை தீர்த்துக் கொடுப்பது விற்பவர் பொறுப்பு. 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை உண்டு. 9 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 9,000 ரூபாய் மிச்சம்.

சொத்து எந்த சார்பதிவாளர் அலுவலக எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே, எழுதிக் கொடுப்பவர்கள் எல்லோரும் அடையாள அட்டையோடு வர வேண்டும். இரண்டு சாட்சிகள், போட்டோ, கைரேகை. கையெழுத்தான பத்திரத்தை 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் அண்ணனால் வர முடியவில்லையா? அவர் இருக்கும் ஊரிலேயே பவர் பத்திரம் பதிந்து அனுப்பலாம். வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி, இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரண பவர் செல்லாது. பவர் எழுதி வாங்கிக்கொண்டு அதையே வீடு வாங்கியதாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது விற்பனையே அல்ல என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விற்ற பணத்துக்கு வரி உண்டா?

கிராமத்து விவசாய நிலத்துக்கு இருக்கும் வரிவிலக்கு வீட்டுக்குக் கிடையாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு 12.5% வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், பணவீக்கத்தைக் கழித்து 20% என்ற பழைய கணக்கில் வரி குறைவாக வந்தால் அதைக் கட்டினால் போதும். அப்பாவிடமிருந்து வந்த வீட்டுக்கு அப்பா செலவழித்த தொகைதான் அடக்க விலை. 2001 ஏப்ரலுக்கு முந்தைய வீடு என்றால் அந்த ஆண்டின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். லாபத்தைக் கொண்டு 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, 3 ஆண்டுக்குள் கட்டினாலோ வரிச் சலுகை உண்டு. ஒவ்வொரு வாரிசும் தன் பங்குக்குத் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டும்.

50 லட்சமும் அதற்கு மேலும் விலை போனால் வாங்குபவர் 1% டிடிஎஸ் பிடிப்பார். பங்குதாரர்களில் ஒருவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், அவர் பங்குக்கு இந்த 50 லட்சம் வரம்பு பொருந்தாது. தொகை சிறியதாக இருந்தாலும் பிடித்தம் உண்டு. துபாயிலோ சிங்கப்பூரிலோ தம்பி இருந்தால், விலை பேசும்போதே இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நல்லது.