மெனாய் சங்கிலியின் தொய்வைத் தீர்மானித்தவர் யார்?

வேல்ஸ் கரையை ஆங்கிள்சி தீவோடு இணைக்கும் மெனாய் தொங்குபாலத்தைக் கட்டியவர் தாமஸ் டெல்ஃபோர்டு. அதில் ஐயமில்லை. அதன் இரும்புச் சங்கிலிகள் எவ்வளவு தாழ்ந்து தொங்க வேண்டும் என்று சொன்னவர் யார் என்பதே என் தேடல்.

சின்ன விஷயமல்ல இது. கொடிக்கயிற்றை விறைப்பாகக் கட்டினால் ஈரத்துணியின் பாரத்துக்கே அறுந்துவிடும். சற்றுத் தளர விட்டால் தாங்கும். பாலத்துச் சங்கிலியில் தொய்வு பாதியானால் இழுவிசை ஏறத்தாழ இரு மடங்காகும். தொய்வைக் கூட்டவோ கோபுரங்களை உயர்த்த வேண்டும். பாய்மரங்கள் தட்டாதபடி சாலை நீர்மட்டத்துக்கு 100 அடி மேலே இருந்தாக வேண்டும் என்பதால், அதைத் தாழ்த்த வழியில்லை.

முதல் தடயம் ராயல் சொசைட்டியின் 1826ஆம் ஆண்டு ஆய்விதழில் கிடைத்தது: தொங்குபாலங்களுக்கான கணக்கு அட்டவணைகளுடன் டேவிஸ் கில்பர்ட் எழுதிய கட்டுரை. இவர் நாடாளுமன்ற உறுப்பினர், கணிதம் தெரிந்தவர். ஆனால் ஆண்டு உதைத்தது. பாலம் திறக்கப்பட்டதே 1826 ஜனவரி 30இல். முடிந்த பாலத்தை அந்த ஆண்டுக் கட்டுரை எப்படி மாற்றும்?

விடை அதே கட்டுரையின் தொடக்கத்தில் இருந்தது. முதல் திட்டத்தில் வளைவின் ஆழம் போதாது என்று தமக்குப் பட்டதையும், அதைப் பற்றி முன்பே எழுதியதையும், பிறகு சாலைக்கும் சங்கிலி தாங்கும் முனைகளுக்கும் இடைப்பட்ட உயரம் கூட்டப்பட்டதையும் கில்பர்ட் குறிப்பிடுகிறார். அந்த முந்தைய கட்டுரை 1821இல் வெளியானது.

தம் பங்கைத் தாமே சொல்பவரின் சாட்சியத்தைக் காலவரிசையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். முதற்கல் 1819 ஆகஸ்டில். முதல் சங்கிலி ஏறியது 1825 ஏப்ரல் 26இல். 1821 சரியாக இடையில் விழுகிறது. இன்னும் திருத்தக்கூடிய காலம்.

இதனால் டெல்ஃபோர்டின் பெருமை குறையாது. தேனிரும்புக் கம்பிகளைச் சதுர அங்குலத்துக்கு 11 டன் வரை இழுத்துச் சோதித்த பிறகே ஏற்றுக்கொண்டவர் அவர். சோதனையை நம்பிய அந்த முன்னாள் கொத்தனார், காகிதக் கணக்குக்கும் இடம் கொடுத்தார்.

1893இல் பாலத்தின் தளம் மாறியது. 1938க்குப் பின் பழைய சங்கிலிகள் போய் எஃகுச் சங்கிலிகள் வந்தன. தொய்வைக் கூட்டிய அந்த முடிவுக்குக் களத்தில் எஞ்சியிருக்கும் மூல ஆவணம் கற்கோபுரங்களின் உயரமே.