கள்வனுக்குக் கிடைத்த பிரபுப் பட்டம்

ராபின் ஹூட் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது ஒரே கதைதான். மேல்குடியில் பிறந்த ஒருவன் சூழ்ச்சியால் பதவியும் நிலமும் இழந்து ஷெர்வுட் காட்டுக்குப் போகிறான்; காதலி மரியனும் உடன் இருக்கிறாள்; ரிச்சர்ட் மன்னர் சிலுவைப் போரிலிருந்து திரும்பியதும் இழந்ததெல்லாம் கைக்கு வருகிறது. 1500ஐ ஒட்டி அச்சான 'ஜெஸ்ட்' என்ற நீண்ட கதைப்பாடலில் இவற்றில் எதுவும் கிடையாது. அதில் ராபின் ஒரு யோமன். பிரபுவும் அல்லாத, பண்ணையடிமையும் அல்லாத இடைநிலைக் குடி. மரியன் இல்லை. மன்னரின் பெயர் ரிச்சர்ட் அல்ல, எட்வர்ட். அவன் எதனால் காட்டுக்கு வந்தான் என்று பாடல் சொல்வதே இல்லை. விருந்தாளி ஒருவன் வந்தால்தான் சாப்பிடுவேன் என்று அவன் அடம்பிடிக்கும் இடத்தில் கதை தொடங்குகிறது. இந்தக் குடியானவனைப் பிரபுவாக்கியது நாடக மேடைதான். எல்லா மேடையும் அல்ல. கட்டணம் வாங்கி, அரச உரிமம் பெற்று நடந்த லண்டன் மேடை.

அதற்கு முன்பும் ராபின் ஹூட் நாடகங்கள் இருந்தன, ஏராளமாக இருந்தன. 1427இல் எக்ஸிட்டர் நகரக் கணக்கில் ராபின் ஹூட் நடிகர்களுக்கு 20 பென்ஸ் கொடுத்ததாகப் பதிவு உண்டு. 1473இல் சர் ஜான் பாஸ்டன் என்ற நிலக்கிழார், ராபின் ஹூட் நாடகம் ஆடவென்றே மூன்றாண்டு வைத்திருந்த வேலையாள் தன்னை விட்டுப் போய்விட்டான் என்று கடிதத்தில் புலம்புகிறார். அந்த வீட்டோடு தொடர்புடையதாகக் கருதப்படும் நாடகத் துண்டு ஒன்று கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. மொத்தமே இருபத்தொரு வரி. வசனம் சொற்பம், வில்வித்தை, கல்லெறிதல், மல்யுத்தம், வாள்சண்டை என்று உடலால் ஆடவேண்டியதே அதிகம். ராபின் தன்னைப் பிடிக்க வந்தவனின் தலையைக் கொய்து, அவன் உடையைத் தானே அணிந்துகொள்கிறான். மே மாதத் திருவிழாக்களில் ஊர்க்காரர்களே வேடம் கட்டி ஆடிய ஆட்டங்களும் இந்த வகைதான்.

ஆனால் அந்த ஊர் மேடையும் ராபினைப் பழக்கி வைத்திருந்ததே என்று ஒருவர் கேட்கலாம். வழிப்பறிக்காரன் வேடத்தில் ஊரார் வசூலித்த காசு தேவாலயத்துக்குத்தான் போனது. கிங்ஸ்டன் போன்ற ஊர்களின் தேவாலயக் கணக்கேடுகள் அதற்குச் சாட்சி. சரிதான், ஆனால் பாதிதான் சரி. 1498இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ராஜர் மார்ஷல் என்பவர் ராபின் ஹூட் என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டிக்கொண்டு வில்லன்ஹால் சந்தைக்குள் புகுந்ததாக ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. தேவாலயத்துக்குப் பணம் திரட்டுவது பழைய வழக்கம் என்பதே அவருடைய எதிர்வாதம். வேடம் எங்கே முடிகிறது, கலகம் எங்கே தொடங்குகிறது என்பது அதிகாரிகளுக்கே விளங்கவில்லை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1555இல் இந்த வேடத்தையே தடை செய்தது. 1561இல் எடின்பரோவில், அதை மீறிய வழக்கில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருக்குத் தூக்கு விதித்தபோது, கைவினைஞர்கள் தூக்குமரத்தை உடைத்துச் சிறைக்கதவையும் தகர்த்து அவரை மீட்டார்கள். இங்கிலாந்தில் ஆயர் லாட்டிமர், தாம் பிரசங்கம் செய்யப் போன ஊரில் தேவாலயம் பூட்டிக் கிடந்ததையும், இன்று ராபின் ஹூட் நாள் என்று ஊரார் கைவிரித்ததையும் 1549இல் அரசர் முன்னிலையில் சொல்லிக் கொதித்தார். பழக்கி வைத்த கள்வனுக்கு இத்தனை பேர் அஞ்சியிருக்க மாட்டார்கள்.

மாற்றம் 1598இல் வந்தது. ரோஸ் அரங்கின் முதலாளி பிலிப் ஹென்ஸ்லோ, ஆன்டனி மன்டேக்கு ஐந்து பவுண்டு கொடுத்து ராபின் ஹூட் நாடகம் ஒன்றை எழுத வைத்தார். தொடர்ச்சியான இரண்டாம் பாகத்தில் ஹென்றி செட்டிலும் சேர்ந்துகொண்டார். அதில் ராபின், ஹன்டிங்டன் பிரபு ராபர்ட். வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் கிராஃப்டன் 1569இலேயே ராபினைப் பிரபு என்று எழுதிவிட்டாரே, மன்டே என்ன புதிதாகச் செய்தார் என்று கேட்பவர்கள் உண்டு. கிராஃப்டன் எழுதியதை முழுக்கப் படித்தால் விடை கிடைக்கும். அவருடைய பிரபு ஊதாரி. கடன்பட்டு, அதனாலேயே சட்டத்துக்குப் புறம்பானவன் ஆகிறான். மன்டேயின் பிரபு ஒரு பாவமும் அறியாதவன். சொந்தச் சித்தப்பனும் சொந்தக் காரியஸ்தனும் சேர்ந்து அவனைக் கவிழ்க்கிறார்கள். அந்தக் காரியஸ்தனே பிறகு ஷெரீப் ஆகிறான். அநியாயம் இப்போது ஆட்சிமுறையில் இல்லை, ஒரு வீட்டுத் துரோகத்தில் இருக்கிறது. இந்தத் திருப்பத்தை ஏடு தரவில்லை, மேடை தந்தது. பார்வையாளர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பது மன்டேக்கும் தெரிந்திருக்கிறது. ஒத்திகை என்ற பாவனையில் நடக்கும் அந்த நாடகத்துக்குள்ளேயே ஒரு பாத்திரம், ராபின் ஹூட்டின் வழக்கமான வேடிக்கைகளைக் காணோமே என்று குறைபட்டுக்கொள்கிறது.

மேடைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் தேவை, அதற்காகத்தான் இழப்பும் மீட்பும் கொண்ட கதை, இதில் அரசியலைத் தேட வேண்டாம் என்பது இன்னொரு மறுப்பு. இதில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. ஆனால் 'ஜெஸ்ட்' பாடலிலும் ஒரு முடிவு இருக்கிறது, மேடைக்கு நன்றாகவே பொருந்தக்கூடிய முடிவு. மன்னர் மன்னிக்கிறார், ராபின் அரசவையில் பதினைந்து மாதம் இருக்கிறான், கைப்பணம் கரைகிறது, காட்டு நினைவு வாட்டுகிறது. கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று விடைபெற்றுக் காட்டுக்குப் போனவன் இருபத்திரண்டு ஆண்டு மன்னரிடம் திரும்பவே இல்லை. மன்டே இதைத் தொடவில்லை. அரச கேளிக்கை அதிகாரியின் உரிமம் இல்லாமல் ரோஸ் அரங்கில் நாடகம் ஏற முடியாது. இந்த இரு பாகங்களுக்கும் ஹென்ஸ்லோ உரிமக் கட்டணம் கட்டிய கணக்கு அவருடைய நாட்குறிப்பிலேயே இருக்கிறது. அரச மன்னிப்பை உதறிவிட்டுப் போகும் குடியானவனை அங்கே காட்டுவது எளிதாக இருந்திருக்காது.

பின்னால் வந்தவர்கள் அந்த அச்சிலேயே வார்த்தார்கள். 1661இல் இரண்டாம் சார்லஸ் முடிசூடிய நாளில் நாட்டிங்ஹாமில் நடந்த சிறு நாடகத்தில் ராபினின் கூட்டம் அரசருக்குப் பணிந்து மன்னிப்பை ஏற்றுக்கொள்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த ஊருக்கு அது நாடகம் அல்ல, அறிவிப்பு. 1784இல் லண்டன் கோவென்ட் கார்டனில் ஏறிய இசைநாடகத்தை எழுதிய லெனர்ட் மக்னாலி அயர்லாந்து வழக்கறிஞர். அங்கே கிளர்ச்சியாளர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டே அரசுக்கு அவர்களைக் காட்டிக்கொடுத்து வந்தது 1820இல் அவர் இறந்த பிறகுதான் வெளியானது. கள்வனின் கதை எப்படிப்பட்ட கைகளில் எல்லாம் சிக்கியது பாருங்கள்! 1890இல் சிகாகோவில் வெற்றி கண்ட ரெஜினால்ட் டி கோவனின் இசைநாடகத்திலும், 1892இல் நியூயார்க் டேலி அரங்கில் ஆர்தர் சலிவனின் இசையோடு நடந்த டெனிசனின் 'தி ஃபாரஸ்டர்ஸ்' நாடகத்திலும் நாயகன் ஹன்டிங்டன் பிரபுதான். ஹாலிவுட் தன் 1938ஆம் ஆண்டுப் படத்தில் அவனை லாக்ஸ்லியின் சர் ராபின் ஆக்கி, கடைசியில் மன்னர் கையால் பிரபுப் பட்டமும் கொடுத்தது.

நம் பத்திரிகைகளில் ஏதாவதொரு கொள்ளையனை 'உள்ளூர் ராபின் ஹூட்' என்று எழுதுகிறவர்கள், மேடையின் பிரபுவைச் சொல்கிறார்களா, பாடலின் குடியானவனைச் சொல்கிறார்களா என்று ஒருமுறை யோசித்துவிட்டு எழுதினால் நல்லது.