தேயிலைச் சுவைஞரின் சொற்களும் கச்சான் காற்றும்

1961 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்கள் தொடர்ந்து அமைந்துள்ளன. இவ்வூர்களில் விருந்தினர்க்கு முதலில் நீட்டப்படுவது தேநீரே. பாலின்றி ஊற்றிய தேத்தண்ணியைப் பருகியவர் அதுபற்றிப் பெரும்பாலும் ஒரு சொல்லையே கூறுவர். சாயம் கூடிற்று என்பர். அன்றேல் சாயம் போதாது என்பர். அதே தேயிலை கொழும்பு ஏலத்திலே விலைப்படுமுன் பல சொற்களால் அளக்கப்படுகிறது. புதிதாகக் கேட்போர்க்கு அச்சொற்கள் மறைபொருளாகத் தோன்றலாம். அவற்றின் வரலாற்றை நோக்கினால் அவை அலங்காரமல்ல, தொழிற் கருவிகளே என்பது புலனாகும்.

இலங்கையின் கோப்பிப் பயிரை 1869 ஆம் ஆண்டளவில் இலைத்துரு நோய் தாக்கியது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி அழிந்த நிலத்திலே தேயிலை பரவிற்று. தொடக்கத்தில் இலங்கைத் தேயிலை இலண்டனில் மின்சிங் லேன் எனும் வீதியிலேயே ஏலம் போயிற்று. கொழும்பில் முதலாவது ஏலம் 1883 யூலை 30 இல் நடைபெற்றது. ஆக்குவோன் மலையிலும் வாங்குவோன் கடல் கடந்தும் இருந்தமையால், இருவர்க்குமிடையே சுவையை எடுத்துச் செல்லும் பொறுப்பு சொல்லின்மேல் விழுந்தது. தரகர் சுவைத்து எழுதிய குறிப்பு வாங்குவோனுக்கு விலையையும் தோட்டத்துக்குத் திருத்தத்தையும் உணர்த்த வேண்டியிருந்தது. எனவே ஒரு சொல் ஒரு பொருளையே தருதல் இன்றியமையாததாயிற்று.

சுவைக்கும் முறையும் அவ்வாறே வரையறுக்கப்பட்டது. 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிநீர், ஆறு நிமிடம் என்பது 1980 இல் வெளியான அனைத்துலக நியமம். உலர்ந்த இலை, ஊறிய இலை, வடித்த சாறு ஆகிய மூன்றும் வரிசையாக வைக்கப்படும். சுவைஞர் கண்ணால் நோக்கி, மூக்கால் முகர்ந்து, கரண்டியிலெடுத்த சாற்றை ஒலியெழ உறிஞ்சி உமிழ்வார். அவ்வொலி நாகரிகக் குறைவன்று. காற்றோடு கலந்த சாற்றின் மணம் தொண்டை வழியே மூக்கைச் சென்றடைய அது வேண்டப்படுவதே.

இனிச் சொற்களை நோக்குவாம். 'பிறிஸ்க்' என்பது நாவை விழிப்பூட்டும் உயிர்ப்பு. அதற்கு மாறானது 'பிளாற்', அஃதாவது உயிரற்ற தட்டைச் சுவை. ஈரம் புகுந்து பழசான தேயிலை இவ்வாறாகும். 'உடல்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லொன்று வாயை நிறைக்கும் கனத்தைக் குறிக்கும். குறைகளைச் சுட்டும் சொற்களோ இன்னும் கூர்மையானவை. 'ஸ்ரூட்' என்றால் உலர்த்தும்போது வெப்பமும் காற்றோட்டமும் போதாமல் இலை வெந்து போனது. 'பேக்கி' என்றால் வெப்பம் மிகுந்து விட்டது. 'ஸ்மோக்கி' என்றால் உலர்த்தியில் எங்கோ வெடிப்பு ஏற்பட்டுப் புகை கசிகிறது. பச்சை நெடி என்றால் வாட்டலோ ஒட்சியேற்றமோ முற்றுப்பெறவில்லை. கொழும்பில் ஒரு மிடறு உறிஞ்சியவர், மலையிலுள்ள தொழிற்சாலையில் எந்தப் பொறி பழுது என்பதை இவ்வாறு உய்த்துணர்கிறார்.

ஒப்புநோக்கின் இதன் தனித்தன்மை விளங்கும். திராட்சை மதுவைச் சுவைப்போர் பழம், மலர், தோல் எனப் பிறபொருள்களின் மணத்தை உவமையாக்கிக் குறிப்பெழுதுவர். அவ்வுவமைகளுக்கு ஒழுங்கு காணக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து ஆன் நோபிள் முதலானோர் 1984 இல் முயன்றனர். தேயிலைக் குறிப்போ உவமையினும் காரணத்தையே மிகுதியும் நாடுவது.

கற்கப் புகுவோர் தரப்பெயரைச் சுவைப்பெயராக மயங்குதலும் உண்டு. 'ஒறேஞ் பெக்கோ' என்பதில் தோடம்பழ மணம் எதுவுமில்லை. பெக்கோ என்பது அரும்பின் வெண்மயிரைக் குறித்த சீனச் சொல்லின் திரிபு. இன்று இப்பெயர்கள் இலைத்துணுக்கின் அளவையும் தோற்றத்தையுமே சுட்டுவன. 'டஸ்ற்' என்பதும் குப்பையன்று. மிகச் சிறிய துணுக்காதலின் அதிற் சாயம் விரைந்து இறங்கும்.

சுவைஞரின் சொற்களுள் கல்முனையார்க்கு மிக அணுக்கமானது 'ஊவா மணம்' ஆகும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைச் சொரிந்துவிட்டு, உலர்ந்த காற்றாக ஊவாவின் கிழக்குச் சரிவில் இறங்குகிறது. யூலை முதல் செத்தெம்பர் வரை அவ்வறட்சியில் கொழுந்தின் வளர்ச்சி தளரும், மணப்பொருள்கள் செறியும். அவற்றுள் ஒன்றான மெதையில் சலிசிலேற்று, நோவுக்குப் பூசும் தைலங்களிலும் உள்ளது. ஊவாத் தேயிலையின் குளிர்ந்த நறுமணத்துக்கு அதுவும் ஒரு காரணம். அக்காற்றே மேலும் இறங்கி, இறங்குந்தோறும் வெப்பமேறிக் கீழ்க்கரையை அடைகிறது. அதனையே இக்கரையார் கச்சான் என்பர். வயலையும் மேனியையும் உலர்த்தும் கச்சானை வெறுப்போர், கிண்ணத்திலே அதன் நறுமணத்தைப் பருகுகின்றனர் எனலாம்.

இங்கு ஓர் இழப்பும் எண்ணிப்பார்க்கற்பாலது. இரண்டிலையும் ஓர் அரும்புமாகக் கொழுந்தைக் கிள்ளிய கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அவர்தம் உழைப்புக்கு விலை குறித்த சொற்களோ ஆங்கிலத்திலே பிறந்து ஆங்கிலத்திலேயே நின்றன. பறித்தவரும் ஊற்றிக் குடித்தவரும் தமிழராகவும் தமிழ் பேசும் முஸ்லிம்களாகவும் இருந்தும், இடையில் நிகழ்ந்த தீர்ப்பு அவர்கள் மொழியில் ஒலிக்கவில்லை.

தமிழில் அதற்கு வலுவில்லை என்பது பொருந்தாது. தேயிலையின் உயிர்ப்பிலே பெரும்பங்கு துவர்ப்புக்குரியது. அதனை அறுசுவையுள் ஒன்றாகவே வைத்து எண்ணியது தமிழ் மரபு. நாள்தோறும் வழங்கும் 'சாயம்' என்ற சொல்லும் நிறத்தையும் வலிமையையும் ஒருங்கே உணர்த்தும் நல்ல கலைச்சொல்லே. வேண்டுவது இத்தகைய சொற்களைத் தொகுத்து வரையறுக்கும் முயற்சியாகும்.

2020 ஏப்பிரில் முதல் கொழும்பு ஏலம் இணையவழிக்கு மாறியது. எனினும் மனித நாவின் இடத்தை எப்பொறியும் பெறவில்லை. சாயம் கூடிற்று என்பதோடு நில்லாது, துவர்ப்பு எத்தகையது, உயிர்ப்பு உண்டா, புகை நெடி கலந்ததா என வினவத் தொடங்குபவர் சுவைக் கல்வியின் முதற்படியில் நிற்கிறார். அவ்வினாக்களுக்கு விடையாகக் கச்சானையும், தொழிற்சாலையின் அனலையும், கொழுந்து கிள்ளிய கையையும் அவர் ஒரு மிடற்றிலே காண்பார்.