பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் ஒலிக்கும் 1963-ஆம் ஆண்டுப் பாடல்: பின்னணி என்ன?

குடியரசு தினக் கொண்டாட்டங்களின் நிறைவாக ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 29 அன்று புதுதில்லி விஜய் சௌக்கில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி நடைபெறுகிறது. முப்படைகளின் தலைமைத் தளபதியான குடியரசுத் தலைவர் முன்னிலையில் ராணுவ இசைக்குழுவினர் நடத்தும் இக்கச்சேரியைத் தூர்தர்ஷன் நேரலையாக ஒளிபரப்புகிறது. சூரியன் மறைந்ததும் போரை நிறுத்தி, எக்காள ஒலி கேட்டு வீரர்கள் முகாமுக்குத் திரும்பிய பழைய வழக்கமே இதன் மூலம். இந்தியாவில் 1950-களின் தொடக்கத்தில் ராணுவ அதிகாரி மேஜர் ராபர்ட்ஸ் இதனை வடிவமைத்தார்.

மகாத்மா காந்திக்கு மிகவும் பிடித்த ‘அபைட் வித் மீ’ என்ற கிறிஸ்தவப் பாடலின் மெட்டு நீண்டகாலம் இந்நிகழ்ச்சியில் இடம்பெற்று வந்தது. அவரது நினைவு நாளுக்கு முந்தைய மாலையில் அது ஒலித்ததும் பொருத்தமாகவே இருந்தது. 2020-இல் அதனை நீக்க முயன்றபோது எதிர்ப்பு எழுந்ததால் முடிவு கைவிடப்பட்டது. 2022-இல் அது நீக்கப்பட்டு, ‘ஏ மேரே வதன் கே லோகோ’ பாடலின் மெட்டு சேர்க்கப்பட்டது. இந்திய மெட்டே பொருத்தமானது என்று அரசுத் தரப்பு விளக்கமளித்தது, எதிர்க்கட்சிகள் கண்டித்தன. அந்த விவாதத்தில் புதிய பாடலின் வரலாறு அதிகம் பேசப்படவில்லை.

1962 சீனப் போரில் உயிர்நீத்த வீரர்களுக்காகக் கவி பிரதீப் எழுதிய பாடல் இது. இசையமைத்தவர் சி. ராமச்சந்திரா. பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடிய ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தின் இசையமைப்பாளர் என்றால் தமிழ் ரசிகர்களுக்கு எளிதில் விளங்கும். 1963 குடியரசு தினத்தையொட்டி, படைவீரர்களுக்கு நிதி திரட்டும் நோக்கில் தில்லி தேசிய விளையாட்டரங்கில் நடைபெற்ற விழாவில் லதா மங்கேஷ்கர் இதனைப் பாடினார். பிரதமர் நேரு கண்கலங்கினார்.

குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனும் அந்த அவையில் இருந்தார். அவர் பிறந்த திருத்தணி, சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் தமிழகத்துடன் இணைந்திருந்தது. இன்று ஸ்ரீ சிட்டி அமைந்துள்ள சத்தியவேடு பகுதி, செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குச் சென்றதும் அதே எல்லைப் பரிமாற்றத்தில்தான்.

அக்காலத்தில் தில்லிக்கு வெளியே தொலைக்காட்சி கிடையாது. சென்னை நிலையமே 1975-இல்தான் தொடங்கப்பட்டது. எனவே வானொலியும் இசைத்தட்டுமே பாடலை நாடெங்கும் கொண்டு சேர்த்தன. இசைத்தட்டு விற்பனையில் தமக்குரிய உரிமத்தொகை போரில் கணவரை இழந்த பெண்களுக்கான நிதிக்குச் சேர வேண்டும் என்று பிரதீப் விரும்பினார். 1998-இல் அவர் காலமானார். அந்த நிதிக்கு ரூ.10 லட்சம் வழங்குமாறு இசைத்தட்டு நிறுவனத்துக்கு மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2005 ஆகஸ்ட் 25 அன்று; அதாவது பாடல் அரங்கேறி 42 ஆண்டுகளுக்குப் பின்னர். கண்ணீர் வரவழைத்த வேகத்தில் பணம் வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

2022 ஜனவரி 29 அன்று, 1,000 டிரோன்கள் வானில் ஒளிர்ந்த அதே மாலையில் விஜய் சௌக்கில் இம்மெட்டு ஒலித்தது. எட்டு நாள்கள் கழித்து, பிப்ரவரி 6 அன்று, லதா மங்கேஷ்கர் மறைந்தார்.

இப்பாடல் மடிந்தவர்களைப் பற்றியது. போரிலிருந்து திரும்பி நம்மிடையே வாழும் முன்னாள் வீரர்களைத் தேடிச் சென்றது வேறொரு முயற்சி. 1971 போர் வெற்றியின் பொன்விழாவையொட்டி, 2020 டிசம்பர் 16 அன்று தில்லி தேசியப் போர் நினைவிடத்தில் ஏற்றப்பட்ட நான்கு வெற்றிச் சுடர்கள் நாட்டின் நான்கு திசைகளுக்கும் அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று 2021 பிப்ரவரியில் திருப்பதிக்கு வந்தது. அப்போரில் கோர்க்கா படையணிக்குத் தலைமையேற்று மகாவீர் சக்கரம் பெற்ற, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் சி. வேணுகோபாலை, அப்போதைய ஆந்திர முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி திருப்பதியில் உள்ள அவரது இல்லத்துக்கே சென்று கௌரவித்தார். முதுமையால் விழா மேடைக்கு வர இயலாத வீரர்களுக்கு அதுவே உகந்த முறை. நாட்டைச் சுற்றிவந்த சுடர்கள் 2021 டிசம்பர் 16 அன்று போர் நினைவிடத்தின் அணையாச் சுடருடன் இணைக்கப்பட்டன.