பார் கோக்பா கிளர்ச்சி நாணயங்கள்

ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் ஆட்சியை எதிர்த்து, கி.பி. 132 முதல் 135 வரை யூதேயாவில் சைமன் பார் கோக்பாவின் தலைமையில் நடந்த கிளர்ச்சியின்போது வெளியிடப்பட்டவை. கிளர்ச்சியாளர்கள் புதிதாக உலோகம் உருக்கவில்லை. புழக்கத்திலிருந்த ரோம நாணயங்களின் மேலேயே தங்கள் அச்சை அடித்தார்கள். வெண்கலக் காசுகளில் பழைய உருவத்தைப் பெரும்பாலும் அரத்தால் தேய்த்துவிட்டே அச்சிட்டனர். வெள்ளியில் அப்படிச் செய்யாததால், திராட்சைக் குலைக்கோ யாழுக்கோ அடியில் பேரரசரின் மூக்கும் தாடையும், சிதைந்த கிரேக்க அல்லது லத்தீன் எழுத்துகளும் இன்றும் தென்படுகின்றன. பேரரசின் முகத்தின்மீதே விடுதலையைப் பொறித்த இந்தத் துணிவுக்கு ஈடான நாணயங்கள் வெகு சில. அடியுருவம் தெளிவாகத் தெரியும் காசுகளைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவது நியாயமே.

பெரிய வெள்ளிக் காசான ‘சேலா’வின் ஒரு பக்கத்தில், கி.பி. 70-இல் ரோமர் அழித்த எருசலேம் ஆலயத்தின் முகப்பு உள்ளது. வாசகங்கள் அன்றாட வழக்கிலிருந்து மறைந்துவிட்ட பழைய எபிரேய எழுத்தில் அமைந்தவை. முதலாண்டுக் காசுகள் ‘இஸ்ரவேலின் மீட்பு’ என்றும், இரண்டாமாண்டுக் காசுகள் ‘இஸ்ரவேலின் விடுதலை’ என்றும், ஆண்டு குறிக்காதவை ‘எருசலேமின் விடுதலைக்காக’ என்றும் அறிவிக்கின்றன. ‘சைமன்’, ‘ஆசாரியன் எலெயாசர்’ ஆகிய பெயர்களும் காணப்படுகின்றன.

லியோ மில்டன்பெர்க் 1984-இல் வெளியிட்ட அச்சு ஆய்வு சேகரிப்பாளர்களுக்கு அடிப்படை நூல். போலிகள் மிகுதி. இஸ்ரேலில் 1978-க்குப் பின் கண்டெடுக்கப்படும் தொல்பொருள்கள் அரசுக்கே உரியவை; ஆகவே காசு வந்த வழியைக் காட்டும் பழைய ஆவணம் இல்லாமல் வாங்கக் கூடாது.