எண்ணும் குழந்தையும் மூளையின் படமும்

குழந்தைக்கு எண்ணறிவு எப்பொழுது வாய்க்கிறது? இவ்வினாவை ஆராய்ந்தோருள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே. 1941-இல் அலினா செமின்ஸ்காவுடன் அவர் வெளியிட்ட நூல் கூறும் சோதனையைப் புளியங்கொட்டைகளைக் கொண்டே நாம் செய்து பார்க்கலாம். இரு வரிசைகளில் ஆறாறு கொட்டைகளை நேருக்கு நேர் வைக்கிறோம். இரண்டும் சமம் என்கிறது ஐந்து வயதுக் குழந்தை. அதன் கண்முன்னரே ஒரு வரிசையை அகலப் பரப்புகிறோம். உடனே, நீண்ட வரிசையில்தான் மிகுதி என்கிறது. ஏறத்தாழ ஏழு வயது வரையில் எண் என்னும் கருத்து முழுமை பெறுவதில்லை என்பது பியாஜேயின் முடிபு.

1967-இல் மெலர், பீவர் என்னும் இருவர் இதனை மறுத்தனர். மிட்டாய்களை வைத்தபோது, இரண்டு வயதுக் குழந்தையும் வரிசையின் நீளத்தைப் பாராது எண்ணிக்கை மிகுந்ததையே தேர்ந்தது என்றனர். அவ்வாறாயின் ஐந்து வயதில் தவறுவானேன்?

விடையை மூளையில் தேட வேண்டியிருந்தது. எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டும், சிந்தனையைக் காட்டாது. கதிரியக்கப் பொருளை உடலிற் செலுத்தும் முறை நலமுள்ள குழந்தைகளுக்கு ஏற்றதன்று. 1990-இல் ஸெய்ஜி ஒகாவா வழி கண்டார். உழைக்கும் மூளைப் பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. அக்குருதியிலுள்ள பிராணவாயுவின் மாறுதலைக் காந்தக் கருவி படமாக்குகிறது. இதற்கு ஊசியும் வேண்டா, கதிர்வீச்சும் வேண்டா.

2006-இல் அமெரிக்காவில் ஜெசிகா கான்ட்லன் குழுவினர் நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் புள்ளித் திரள்களைக் காட்டினர். எண்ணிக்கை மாறியபோது மூளையின் உச்சி மடலிலுள்ள ஒரு மடிப்பு கிளர்ந்தது. பெரியோரிடமும் அம்மடிப்பே கிளர்ந்தது. 2011-இல் பிரான்சு நாட்டு ஒலிவியே ஊடே குழுவினர் பியாஜேயின் சோதனையையே மேற்கொண்டனர். சரியாக விடை கூறிய ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளிடம் உச்சி மடலோடு நெற்றி மடலும் சேர்ந்து இயங்கியது. ‘நீண்டதே மிகுதி’ என்று கண் சொல்வதைத் தடுத்து நிறுத்தும் முயற்சி அது என அவர்கள் விளக்கினர்.

ஆகவே, தவறும் குழந்தை எண்ணறிவே அற்றதன்று. தோற்றத்தை வெல்லும் ஆற்றல் அதனிடம் இன்னும் முதிரவில்லை. இப்படங்கள் பல குழந்தைகளைச் சேர்த்துக் கண்ட பொது உண்மையையே கூறுகின்றன. தனியொரு குழந்தையை அறிவாளி என்றோ மந்தன் என்றோ தீர்ப்பதற்கு அவை உதவா.

பிற மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளுட் பலர் பள்ளியில் ஒரு மொழியிலும் வீட்டில் மற்றொரு மொழியிலும் எண்ணுகின்றனர். விடை பிந்தினாலோ பிழைத்தாலோ மந்தம் என்று முத்திரையிட நாம் விரைதல் தகாது. கொட்டைகளைக் கையிற் கொடுத்து, மீண்டும் எண்ணிப் பார்க்கச் சொல்வோம்.