ஜெயித்ததும் ராஜினாமா: பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 10 ஆண்டுகள் என்ன நடந்தது?

உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வரும். வேட்புமனு வாங்க அதிகாரிகள் காத்திருப்பார்கள். பெரும்பாலும் யாருமே வர மாட்டார்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய 4 ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை இதுதான் நிலைமை.

ஏன் எதிர்ப்பு?

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தது. அதன்படி மக்கள்தொகைக்கு ஏற்ப பட்டியலின மக்களுக்கும் ஊராட்சித் தலைவர் பதவிகள் ஒதுக்கப்பட்டன. 1996 தேர்தலில் இந்த 4 ஊர்களும் ரிசர்வ் ஆயின. ஆதிக்க சாதியினர் ஏற்கவில்லை.

தலைவர் பதவி வெறும் நாற்காலி இல்லை. ஊர் வேலைக்கான பணம், அதற்கான கையெழுத்து, பொது இடத்தில் முதல் மரியாதை எல்லாம் கூடவே வரும். நேற்று வரை நம்ம வயலில் கூலி வேலை பார்த்தவரிடம் போய் கையெழுத்துக்கு நிற்பதா? உள்ளே இருந்த கோபம் இதுதான்.

எப்படித் தடுத்தார்கள்?

வாக்குப்பெட்டியை உடைக்கத் தேவையே இருக்கவில்லை. மனு போட நினைத்தவர்கள் மிரட்டப்பட்டார்கள். சில முறை தங்கள் பேச்சைக் கேட்கும் ஒருவரையே நிறுத்தி ஜெயிக்க வைத்து, உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். தேர்தல் நடந்ததாகக் கணக்கு. தலைவர் மட்டும் இல்லை. நிர்வாகம் அதிகாரிகள் கையில். நஷ்டம் என்னவோ எல்லா சாதிக்காரர்களுக்கும்தான்.

மிரட்டலை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மதுரை மாவட்டத்திலேயே உள்ள மேலவளவில் துணிந்து நின்று ஜெயித்த தலைவர் முருகேசனும் துணைத்தலைவர் மூக்கனும், உடன் வந்தவர்களோடு 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இந்த வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

2006-ல் என்ன மாறியது?

அரசும் மதுரை கலெக்டர் உதயச்சந்திரனும் ஊர் மக்களிடம் தொடர்ந்து பேசினார்கள். அக்டோபரில் 4 ஊர்களிலும் தேர்தல் நடந்தது. ஜெயித்த தலைவர்கள் இந்த முறை பதவியில் நீடித்தார்கள்.

இப்போது?

தேர்தலைத் தடுப்பது குறைந்திருக்கிறது. ஜெயித்தவரை உட்காரவிடாமல் செய்வது நிற்கவில்லை. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. மற்றவர்களுக்கு நாற்காலி! அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து, கலெக்டர் நேரில் வந்த பிறகே அவர் கொடியேற்ற முடிந்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பட்டியலினத்தவர் மனு தாக்கல் செய்வதைத் தடுப்பதும், ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ இருக்கும் பட்டியலினத்தவரை வேலை செய்ய விடாமல் தடுப்பதும் தனித்தனிக் குற்றங்கள். போலீசில் புகார் கொடுக்கலாம்.